மாதாந்திரக் கடி

"இடுப்புல நாய் கடிச்சிச்சா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டாள் செண்பகம்.

"ஆமாங்கறேன்ல" என்றார் ஆதிகேசவன், நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி.

"அவ்ளோ ஒசரத்துக்கு எகிறியா கடிச்சிது?"

"குனிஞ்சி செருப்பு மாட்டிக்கினு இருந்தேன்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். கடித்தது நாய் அல்ல, மெட்ராஸ் டாக்டரின் ஊசி. கெட்டியான எண்ணெய் மருந்து. ஆரம்பாக்கம் ரயிலடியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவரை மனைவி வாசலிலேயே மடக்கினால் அவரும் என்னதான் செய்வார்?

கும்மிடிப்பூண்டியில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஃபோர்மேன். அவர் ஓர் அதட்டல் போட்டால் லேத் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கடைசி ஷெட் வரைக்கும் போகும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருஷமாகத் துவண்டு கிடந்தார். உட்கார்ந்தால் தூக்கம். தினமும் சவரம் செய்த முகத்துக்கு வாரம் ஒரு தடவையே போதும் என்றாகிவிட்டது. ராத்திரியில் செண்பகம் பக்கம் திரும்பாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் முகாம் போட்ட வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றதில், இருந்த கொஞ்சத் தெம்பும் கொல்லைப்பக்கமே போய்விட்டது.

மெட்ராஸ் டாக்டர் பொறுமையாகச் சோதித்தார். ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைக் குடுவையில் பிடித்து வரச் சொன்னார். பிறகு சொன்னார்:

"வயசு மேலயே பழியப் போடாதீங்க. ஆம்பளைங்க உடம்புல டெஸ்டோஸ்டிரான்னு ஒண்ணு சுரக்கும். உங்களுக்கு அது ரொம்பக் கொறஞ்சிபோச்சு. மாசம் ஒரு ஊசி. கண்ணு மங்கினா கண்ணாடி போட்டுக்கறோம் இல்லையா? வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆரம்பாக்கத்துக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் லேத் பசங்கள் பாட்டே கட்டிவிடுவார்கள்.

"எந்த நாயி?" செண்பகம் விடவில்லை.

"கம்பெனி கேட்டாண்ட கீதே, வாட்ச்மேன் சடையப்பனோடது. டைகரு."

டைகர் கிழட்டு நாய். பூனை குறுக்கே போனாலும் கண்ணை மூடிக்கொள்ளும்.

அடுத்த மாதமும் நொண்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க மறுபடியும்?"

"மறுபடியும் கடிச்சிடிச்சி."

"அதே எடத்துலயா?"

"இல்ல, இந்தவாட்டி அந்தப் பக்கம். ஊசியும் அங்கியே போட்டாச்சி."

"நாய்க்கடிக்குத் தொப்புளச் சுத்தி இல்ல ஊசி போடுவாங்க?"

"அது தர்மாஸ்பத்திரில. இது புது மாதிரி."

நிறுத்தலாம் என்றால் ஊசி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதட்டல் கடைசி ஷெட்டுக்குப் போயிற்று. கன்னத்தில் முள் முளைத்தது. காலையில் காபி கொடுக்கும்போது செண்பகம் காரணம் சொல்லாமல் சிரித்தாள். இந்தச் சிரிப்பை எந்த ஆண்பிள்ளை விடுவான்? மூன்றாம் மாதமும் டைகர் கடித்தது.

அன்று செண்பகம் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ரயிலேறிக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"யம்மா, பிஸ்கோத்தையே தண்ணில நனைச்சிக் குடுத்தாதான் அது துன்னும். அதுவா கடிக்கும்?" என்று சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள்.

மத்தியானம் நாய் பிடிக்கிறவர்களோடு திரும்பி வந்தாள். சத்தம் கேட்டு ஆதிகேசவன் ஓடிவந்தபோது டைகரின் கழுத்தில் சுருக்கு விழுந்திருந்தது. சடையப்பன் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த நிலையிலும் டைகர் ஃபோர்மேனைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஆதிகேசவன் செண்பகத்தைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். லேகியம், குடுவை, ஊசி என்று எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி கொட்டித் தீர்த்தார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாடி! என் வயித்துல பால வாத்தீங்க."

"இன்னாடி சொல்ற?"

"மாசாமாசம் ஒரே நாயி ஒரே ஆளக் கடிக்குமா? எவ ஊட்டுக்கோ போய்க்கினு நாய் மேல பழியப் போடறீங்கன்னு நெனச்சேன். நெசம் வாயில வரட்டும்னுதான் ஆளக் கூப்பிட்டதே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் சக்கரைக்கு ஊசி போட்டுக்கல? இதுக்குப் போயி வாயில்லா ஜீவன மாட்டி வுட்டீங்களே! போங்க, போய் அவுத்து வுடச் சொல்லுங்க."

மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது அவருக்கு. கேட்டுக்கு வந்து பழைய குரலில் ஓர் அதட்டல் போட்டார்.

"நாயை வுடுங்கப்பா! அது என்னக் கடிக்கவே இல்ல. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு மெட்ராஸ்ல ஊசி போட்டுக்கினு வந்தேன். ஊட்ல சொல்ல வெக்கப்பட்டுக்கினு நாய் மேல போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

யாரும் பாட்டுக் கட்டவில்லை. லேத் பசங்களில் ஒருவனே ஓடிப்போய்ச் சுருக்கைக் கழற்றினான். டைகர் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. சடையப்பன் ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த மேனேஜர் பரசுராமன் முகம் மட்டும் ஏனோ வெளுத்துப் போயிருந்தது.

"சரி சரி, போதும். எல்லாரும் உள்ள போங்க" என்று அவசரமாகக் கையை வீசினார்.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய டிரைவர் முனிகிருஷ்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி ஆதிகேசவனிடம் கேட்டான்.

"இன்னா சார், பேஜாரா கீது? டைகரு கடிக்காதுன்னா, மாசாமாசம் நாய்க்கடின்னு எங்க ஐயாவ மெட்ராஸுக்கு ஊசி போட இட்டுக்கினு போறனே, அவரக் கடிக்கிறது எந்த நாயி?"