தட்டு சாரும் மூச்சு முட்டிய குளமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவர்களில் தட்டு சார் அளவுக்குத் தண்ணீரைக் கண்டு பயந்தவரும் இல்லை, தட்டு சார் அளவுக்கு அதன்மேல் பைத்தியமாக இருந்தவரும் இல்லை. முழங்கால் ஆழத்தில் இறங்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். ஆனால் வாரம் தவறாமல் ஒரு குளத்தின் நடுவே போய் உட்கார்ந்து, காய்ச்சல் எவ்வளவு, கண் தெரிகிறதா, மூச்சு சீராக வருகிறதா என்று அந்தக் குளத்தை டாக்டர் மாதிரி விசாரிப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்பு பச்சைமலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை சுமந்தேன். அதற்கும் முன்பு ஓர் அச்சாபீஸ், அதற்கும் முன்பு உப்பளம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. நானும் எந்த ஊரையும் ஆறு மாதத்தில் விட்டுவிடுவேன். யாரோடும் சண்டை கிடையாது. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். மெயின்கார்டு கேட் பக்கம் ஓர் ஓட்டலில் சர்வராக இருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வைத்த டம்ளரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இது எந்த ஊர்த் தண்ணி?"

"குழாய்த் தண்ணி சார்."

"குழாய்க்கு எந்த ஊரு?"

"முதலாளியைக் கேட்டுச் சொல்றேன் சார்."

"அவரை விடுங்க. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தண்ணி குடிக்கிறதுக்கு நீச்சல் எதுக்கு சார்?"

மறுநாள் காலை நான் அவருடைய பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புத்தூர்க் குளத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஓட்டலில் எனக்கு அது ஐந்தாவது மாதம். எப்படியும் கிளம்ப வேண்டியவன்தான்.

சார் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வயது முப்பத்துநாலு. ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். பெயர் என்னவோ ஒன்று உண்டு. புத்தூரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவரிடம் ஓர் எனாமல் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. அதை நாலு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாக பெயின்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, சாணுக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கோத்திருந்தார். பரிசலில் இருந்து அதை இறக்குவார். தட்டு எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார். "ஆறு முடிச்சு! இன்னைக்குக் கண்ணு நல்லாத் தெரியுது இவளுக்கு" என்று குளத்தைப் பாராட்டுவார். பிறகு பாட்டிலைக் கீழே விட்டுத் தண்ணீர் எடுத்து, அதில் இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடுவார். கரையில் நிற்பவர்களுக்கு இதெல்லாம் வாரா வாரம் இலவசக் காட்சி.

பரிசல் ஓட்டியவன் நான். சார் தம் இடுப்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற நாவல் மரத்தில் கட்டிவிட்டுத்தான் பரிசலில் ஏறுவார்.

"பரிசல் கவுந்தா மரமா சார் வந்து இழுக்கும்? நான்தானே குதிக்கணும். என் இடுப்புல கட்டுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"மரம் எங்கேயும் ஓடிப்போகாது. நீங்க போயிடுவீங்க" என்றார்.

கோபித்துக்கொள்ள முடியவில்லை. உண்மை.

அவர் பெண் பார்க்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதி. போகிற வழியில் ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று என்னையும் பெட்டியோடு அழைத்துப் போயிருந்தார். நான் ரேழியில் நின்றேன். பெண்ணின் தகப்பனார் பவ்யமாக ஆரம்பித்தார்.

"பெருமாள் கடாக்ஷத்துலே எங்களுக்கு ஒரே குழந்தை. மாப்பிள்ளைக்கு உத்தியோகம் எங்கே?"

"குளத்துல."

"குளத்துலயா?"

"குளம் எப்படி மூச்சு விடறதுன்னு பாத்துண்டிருக்கேன்."

அதற்குள் காபி வந்துவிட்டது. சார் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து டம்ளரில் விட்டார். "சூடு போறலையா?" என்று உள்ளேயிருந்து ஒரு பதறிய குரல். "சூடெல்லாம் சரியா இருக்கு. தண்ணிலதான் ஒரு வாடை. கிணத்துக்குப் பக்கத்துலேயே மாட்டுக்கொட்டில் இருக்கோ?" என்றார் சார். இருந்தது. அதோடு சம்பந்தம் முடிந்தது. திரும்பி வரும்போது, "பொண்ணு எப்படி சார்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பாக்கலையே!" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வடக்கே எங்கேயோ ஒரு பெரிய ஏரிக்கரையில் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: ஒரே குளத்தை இரண்டு வருடம், ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறாமல் அளந்து கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வருடமும் வெளித்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. மழையைத் தவிர வேறெதுவும் சேராமல் குளம் தானாக எப்படி வாழ்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. உய்யக்கொண்டான் வாய்க்காலில் இருந்து குளத்துக்கு ஒரு மதகு இருந்தது. அதன் சாவி மீன் குத்தகைக்காரர் ராயப்பனிடம் இருந்தது. சார் அவர் வீட்டுக்கே போய், "ரெண்டு வருஷம் இதைத் தொடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். எந்த மாதம் எந்த ஆழத்தில் மீன் நிற்கும் என்று சார் சொல்வது பலித்துக்கொண்டிருந்ததால் ராயப்பனும் ஒப்புக்கொண்டார். அளந்ததை எழுதச் சார் வைத்திருந்த கெட்டி அட்டை நோட்டில் ஒவ்வொரு செவ்வாயும் ஏறிக்கொண்டே வந்தது. காய்ச்சலோடு போனோம், இடி மின்னலில் போனோம், தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடும் போனோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்குக் கால் அரிக்கத்தான் செய்தது; அதற்குள் அடுத்த செவ்வாய் வந்துவிடும்.

இன்னும் ஆறு செவ்வாய்க்கிழமைகள் பாக்கி. ஐப்பசி. ஐந்து நாளாக வானம் மூடியே கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஓர் இலை அசையவில்லை. குளத்தின்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி பாசி படர்ந்துவிட்டது. தட்டு முதல் முடிச்சுக்கு முன்பே மறைந்தது. சார் அதை மூன்று தரம் இறக்கிப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

கரையில் ராயப்பன் வலையை உதறிக்கொண்டிருந்தார். பெரிய மீசை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. 

"ராயப்பன், பாதி மீனை இப்பவே பிடிச்சிடுங்க" என்றார் சார்.

"இப்பப் பிடிச்சா கைக்குழந்தை மாதிரில்ல இருக்கும் சார்? தை பொறக்கட்டும். பொண்ணு கல்யாணமே இந்தக் குளத்தை நம்பித்தான் வச்சிருக்கேன்."

சார் வாயைத் திறந்தார். 'அப்படியானால் மதகைத் திறங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். அது திரும்பி உள்ளே போனதையும் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்குக் காத்திருக்காமல் மூன்றாம் நாள் காலையே நாங்கள் போனபோது கரை முழுவதும் ஆட்கள். தண்ணீர் ஓரமெல்லாம் வெள்ளை வயிறு. கெண்டையும் கட்லாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதந்தன. நடுக்குளத்தில் உயிரோடு மிச்சம் இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ராயப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று கூடையில் செத்த மீனை அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரையோர டீக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார்.

"இதோ வந்துட்டாருய்யா! வாரா வாரம் சொட்டுச் சொட்டா ஊத்துனாருல்ல, வேலையைக் காட்டிடுச்சு!"

வட்டம் கட்டிவிட்டார்கள். ஒருவன் சாரின் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் நோட்டைப் பிடுங்கி ராயப்பன் கையில் கொடுத்தான். நான் நாலு ஊரில் அடி வாங்கியவன். அடி விழுவதற்கு முன்னால் கூட்டத்தில் ஓர் அமைதி வரும், அது வந்துவிட்டது. ராயப்பன் நோட்டைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார்.

"இதை உள்ள போட்டா என்ன ஆகும் சார்?"

"போடாதீங்க. மை கரையும். மை மீனுக்கு ஆகாது."

அவர் சொன்னது அதுதான். இரண்டு வருடம் அந்தரத்தில் தொங்குகிறது, மனுஷர் மீனுக்கு மை ஆகாது என்கிறார். ராயப்பன் கை அப்படியே நின்றது.

"விஷம் இல்லேங்க. தண்ணில காத்து இல்லே. அதான் மூச்சு முட்டுது. இருங்க, காட்டறேன்" என்று சார் பெட்டியைத் திறந்தார். ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீர், இன்னொன்றில் வாய்க்கால் தண்ணீர். இரண்டிலும் அதே இரண்டு மருந்து. மூடிக் குலுக்கிப் பலகைமேல் வைத்தார். ஐம்பது தலைகள் குனிந்தன. வாய்க்கால் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகியது. குளத்துத் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் சார், ஜெயித்துவிட்டவர் போல.

"நல்லாப் பாத்தோம்" என்றார் டீக்கடைக்காரர். "குளம் பால் மாதிரி சுத்தமா இருக்கு. வாய்க்கால்தான் கெட்டிருக்கு. அப்ப மீனு எப்படிச் செத்துச்சு? நீ ஊத்துனதுலதான்!"

"இல்லேங்க, காத்து இருந்தாத்தான் பழுப்பாகும். வெள்ளைன்னா காத்தே இல்லேன்னு அர்த்தம்."

"வெள்ளை கெட்டது, பழுப்பு நல்லதா? யாருகிட்ட கதை விடுறே?"

நான் சாரின் காதோரம் போனேன். "சார், ரெண்டு பாட்டிலையும் மாத்திச் சொல்லிடுங்க. பழுப்புதான் கெட்டதுன்னு சொல்லுங்க. உசிரோட வீடு போய்ச் சேரலாம்."

"அது எப்படிப்பா? வெள்ளைதானே கெட்டது" என்றார் சத்தமாக. எல்லோருக்கும் கேட்டது.

பிறகு ராயப்பனைப் பார்த்துச் சொன்னார்: "மிச்சம் இருக்கிறதும் நாளைக்கு விடியறதுக்குள்ள போயிடும். மதகைத் திறங்க. வாய்க்கால் தண்ணி வேகமா விழணும். இப்பவே."

"அந்தப் பழுப்புத் தண்ணியையா உள்ள விடச் சொல்றே?" என்று ஒருவன் கையை ஓங்கினான்.

மதகு திறந்தால் அந்த நோட்டு வெறும் காகிதம். ஏரிக்கரை வேலையும் போச்சு. "சார், சும்மா இருங்க" என்று கெஞ்சினேன். "நாளைக்கு மிச்சமும் சாகட்டும். நம்ம யாரும் கிட்டப் போகாம செத்துச்சுன்னா, விஷம் இல்லேன்னு அவங்களுக்கே புரியும். நோட்டும் பிழைக்கும்."

அவர் என்னை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். "அதுங்க மூச்சு முட்டிச் சாகுதுப்பா" என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, யாரும் கேட்காததைச் சொன்னார்: "மதகை மூடி வைக்கச் சொன்னதே நான்தான். மூணு நாள் முன்னாடியே திறக்கச் சொல்லியிருக்கணும். தெரிஞ்சும் சொல்லலை."

இனி என்ன சாட்சி வேண்டும்? கூட்டம் நகர்ந்தது. நான் பரிசல் துடுப்பை எடுத்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

"நில்லுங்கடா!" என்றார் ராயப்பன். கரையேறி, நோட்டைச் சாரிடம் கொடுத்துவிட்டு, கூடையைத் தலைகீழாகக் கொட்டினார். காலால் மீன்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். 

"விடியக்காலம் புடிச்சு அள்ளுறேன். கெண்டை செத்திருக்கு, கட்லா செத்திருக்கு. ஒரு விரால் சாகலை. விஷம்னா விராலை மட்டும் விட்டு வைக்குமா?" சாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், விரால் ஏன் சாகலை?"

"விரால் மேல வந்து வெளிக்காத்தைக் குடிச்சிட்டுப் போகும். தண்ணிக்குள்ள காத்து இல்லேன்னாலும் அதுக்குக் கவலை இல்லே."

"எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்." இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை உருவினார். "வாங்க."

மதகின் திருகு இரண்டு வருடத் துருவில் அசைய மறுத்தது. ராயப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தொங்கினோம். கொஞ்சம் முன்பு சட்டையைப் பிடித்தவனும் வந்து கை கொடுத்தான். கடைசியில் சாரும் வந்து முட்டினார். அது திடீரென்று இளகிச் சுழன்றது. சாரும் சுழன்றார். இடுப்பில் கயிறு இல்லை, பக்கத்தில் நாவல் மரம் இல்லை. வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குள் பாய, அதோடு தட்டு சாரும் பாய்ந்தார்.

நான் குதித்தேன். நல்ல ஆழம், சட்டைக் காலர் கைக்குக் கிடைக்கும்வரை எனக்கு உயிரில்லை. இழுத்துக் கரையில் போட்டேன். இரண்டு வாய் தண்ணீர் கக்கினார். கண்ணைத் திறந்தார். 

"ஜில்லுன்னு இருக்கு" என்றார். "எத்தனை டிகிரி?"

முதலில் சிரித்தவர் டீக்கடைக்காரர். ராயப்பன் சிரிக்கவில்லை. மதகடியைக் கை காட்டினார். குளத்தில் உயிரோடு இருந்த மீன் அத்தனையும் அந்த வெள்ளை நுரையைத் தேடி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக மொய்த்துக்கொண்டிருந்தன.

ராயப்பனின் மகளுக்குத் தையில் கல்யாணம் நடந்தது. சாருக்கு முன்வரிசை நாற்காலி. அப்புறம் வடக்கிலிருந்து வந்த கடிதங்களைச் சார் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

ஆனால் மதகு திறந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போல் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் புது நோட்டு. முதல் பக்கத்தில் 'வாரம் 1' என்று எழுதியிருந்தது. நான் ஊரை விட்டுக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன். துணிமூட்டைகூடக் கையில் இருந்தது. சார் அதைப் பார்த்தார். தம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை எடுத்துக்கொண்டு நாவல் மரத்தைத் தாண்டி வந்து, என் இடுப்பில் கட்டினார்.

மறுபடியும் இரண்டு வருடம். என் ஆயுளில் நான் அவ்வளவு நாள் தங்கிய ஊர் வேறு இல்லை. சார் போட்டது மகா மோசமான முடிச்சு. ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். நான்தான் இழுக்கவில்லை.