வெள்ளிக்கிழமை மெக்சிக்கோக் கோழி

பொய் சொல்கிறவன் அன்றைக்கு என்ன கிழமை என்றாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு இருபத்தேழாவது வயதில், லண்டன் பிளேஸ்டோவில், ஓர் ஒவனுக்கு முன்னால் நின்றபோது கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் வேலை. (நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. இப்படி ஒரு வருஷம் ஓடினால் திங்கள், செவ்வாய் எல்லாம் மற்றவர்களுடைய சொத்தாகிவிடும்.) மாலை நேர ஆங்கில வகுப்பில் சுகந்தியைச் சந்தித்தேன். கட்டினால் அவளைத்தான் என்று நான் முடிவெடுத்தேன், அவளும் ஓம் என்றுவிட்டாள். மிச்சம் இருந்தவர் அவளுடைய தமையன் குணம் அண்ணை. தாய் தகப்பன் ஊரில் இருந்ததால் லண்டனில் அவர் சொன்னால்தான் கலியாணம்.

முதல் முறை டெலிபோனில் பேசியபோதே அவர் கேட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையிலை மச்சம் சாப்பிடுவீரோ?"

"சீச்சீ! வெள்ளிக்கிழமையிலை மீனோ இறைச்சியோ என்ரை வீட்டுப் படி மிதியாது அண்ணை. கோழி மணத்தாலே எனக்கு அண்டைக்கு வயித்தைப் பிரட்டும்."

(முந்தின வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பில் நின்று ஒரு பெட்டி பொரித்த கோழியை எலும்பு வரை சுவைத்தவன் நான்.)

மனிதர் குளிர்ந்துபோனார். வியாழக்கிழமை பின்னேரம் தங்கச்சியோடு வந்து வீட்டைப் பார்ப்பதாகச் சொன்னார். சோறும் கறியும் எந்தப் பெடியனும் வைப்பான், நான் லண்டனைக் கரைத்துக் குடித்தவன் என்று காட்ட வேண்டாமா? கூட வேலை செய்த மொறீன் ஒரு வழி சொன்னாள். கோழிக்கால், குடைமிளகாய், வெங்காயம், ஒரு டின் தக்காளி, ஒரு டின் சிவப்புப் பீன்ஸ், கொஞ்சம் சீரகம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி ஒவனில் வைத்து, வெந்ததும் தேசிக்காய் பிழிந்து ரொட்டியில் சுற்றிச் சாப்பிடுவது. மெக்சிக்கோச் சாப்பாடாம். வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றும் நேரத்தில் செய்துவிடலாம், பச்சைக் குழந்தையும் செய்யும் என்றாள்.

வியாழன் காலையில் குணம் அண்ணை டெலிபோன் எடுத்தார். "ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள் தம்பி. நாளைக்கு வாறம்."

ஓம் என்றேன். கோழியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி பிரிட்ஜில் வைத்தேன். கிழமையும் அதோடு சேர்ந்து நகரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த நாள் ஐந்தரைக்குத் தட்டு ஒவனுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். தக்காளி கழுவிய தண்ணீர். மெக்சிக்கோக்காரர் பாவம் என்று மனம் இரங்கி, அம்மா ஊரிலிருந்து வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூளில் இரண்டு பெரிய கரண்டி போட்டேன். இரக்கம் கூடி இன்னொன்றும் போட்டேன்.

ஆறரைக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நெற்றி நிறைய விபூதியும் கையில் ஒரு பையுமாகக் குணம் அண்ணை. பின்னால் சுகந்தி.

"வெள்ளிக்கிழமை எண்டபடியால் கோயிலுக்குப் போட்டு நேரை வாறம் தம்பி."

வெள்ளிக்கிழமை! சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள், குசினிப் பக்கம் பார்த்தாள், உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணை மூக்கை உறிஞ்சினார். "என்ன தம்பி மணக்குது?"

"பக்கத்து வீட்டிலை சமைக்கினம் அண்ணை. வெள்ளைக்காரக் கிழவி. அவவுக்கு வெள்ளி, செவ்வாய் இல்லைத்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. பூசணிக்காய் மணக்காது என்பது அவர்கள் செய்த புண்ணியம். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குசினிக்குள் ஓடி, தட்டை எங்கேயாவது ஒளிக்கலாம் என்று ஒவனைத் திறந்தேன். மூன்று கரண்டித் தூளின் நெடி முகத்தில் அறைந்தது. நான் இருமினேன், சுகந்தி இருமினாள், அண்ணை இருமினார். கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது. ஒவனை அடித்துச் சாத்தினேன். அண்ணை குசினிக்குள் வந்து தன் கோட்டைக் கழற்றி அலாரத்துக்கு விசிறி அடக்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, உந்தக் கிழவி யாழ்ப்பாணத்துத் தூளோ போடுறவ?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "ஓம் அண்ணை, நான்தான் கொஞ்சம் குடுத்தனான்."

அவர் குனிந்து ஒவனைத் திறந்தார். பன்னிரண்டு கோழிக்கால்கள் செக்கச்செவேலென்று குமிழிவிட்டுக்கொண்டிருந்தன.

"சமைக்கிறதுக்கு உம்மடை ஒவனையும் குடுத்தனீரோ?"

சுகந்தி இனி எனக்கில்லை என்று நினைத்தேன். கண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்லித் தப்பியிருக்கலாம், சொல்லவில்லை. கிழமை தெரியாத கதை, டெலிபோனில் அளந்த கதை, பஸ் தரிப்புக் கோழி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணையின் வயிறுதான் முதலில் குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உமக்குப் பொய் சொல்ல வராது தம்பி. என்ரை தங்கச்சியை நீர் ஒரு நாளும் ஏமாத்த ஏலாது. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

ஒவனை மூடப்போனவர் தட்டை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். "எறிஞ்சுபோடாதையும். நாளைக்குச் சனிக்கிழமை."

அன்றைக்கு நாங்கள் மூவரும் அண்ணையின் பையில் வந்த கோயில் பொங்கலும் பாண் துண்டுகளும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. மறுநாள் மத்தியானம் சொன்னபடி வந்த அண்ணை, மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக ஏழு கால்களை முடித்துவிட்டு, மெக்சிக்கோக்காரர் உறைப்பு விஷயத்தில் எங்கள் ஆட்கள்தான் என்று தீர்ப்பு வழங்கினார்.

கலியாணம் முடித்து, இப்போது நானும் சுகந்தியும் லண்டனுக்குத் தெற்கே சட்டனில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அண்ணை டெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி, "பக்கத்து வீட்டிலை என்ன சமையல்?" என்பதுதான். சுகந்தி அதுகூடக் கேட்பதில்லை. நான் எதையாவது மறைத்துப் பேசத் தொடங்கினால், முன்னால் வந்து நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவாள். உடனே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.