கன்ன ஊசி

"கன்னம் உப்புறதுக்கு ஊசி போடுறது இங்கதானே?"

காலையிலிருந்து இதே கேள்வி. டாக்டர் முத்தஸிமுக்குத் தலை சுற்றியது. சூடானின் அட்பாரா ஊரில் அவர் தோல் வைத்தியர். கன்னம் வளர்ப்பவர் அல்ல. ஆனால் அது கல்யாணப் பருவம். மணப்பெண் என்றால் பூசணிக்காய் போலத் தளதளவென்று இருக்கவேண்டும் என்பது ஊர் நியாயம்.

வினை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். தஹானியின் மகள் ரவான். கொதிக்கும் கஞ்சி கொட்டியதில் குழந்தையின் மார்பில் தடித்த தழும்பு. அதற்குள் மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டார். தழும்பு அடங்கியது, முகம் முழுநிலவாகிவிட்டது.

போன வாரம் தஹானி எதிரே உட்கார்ந்து வாதாடினாள்.

"போன பெருநாளுக்கு வாங்கின செருப்பு இன்னும் காலுக்குப் பத்துது டாக்டரே. கன்னம்தான் வளருது, பிள்ளை வளரல. இது உங்க ஊசியோட வேலை."

"தழும்புல போட்ட மருந்து தழும்புலயே நிக்கும்மா. பிஸ்கட்டைக் குறைங்க."

தலைநகர் கார்ட்டூமில் ஹார்மோன் டாக்டரிடம் காட்ட ஒரு சீட்டு கேட்டாள். சீட்டு எழுதினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அவர் பேனாவை மூடிவிட்டார். தஹானி அழவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்று எழுந்து போனாள்.

இப்போது இந்தக் கூட்டம்.

அப்படி ஒரு ஊசியே இல்லை என்றார். வந்தவள் சிரித்தாள். நல்லதை வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்றுதானே மறைக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். 'கன்ன ஊசி இங்கே போடுவதில்லை' என்று கதவில் எழுதி ஒட்டினார். அதுவரை விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. மறுநாள் வாசல் வரை வரிசை நின்றது.

வாசலில் டீ போடும் இந்திஸாரைக் கூப்பிட்டு, மருந்து தீர்ந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அவளும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். தீர்ந்துபோச்சு என்றால் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த சரக்கு வரும்வரை காத்திருக்கிறோம் என்று பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பாத்திரத்தில் வேகவைத்த மொச்சைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

முத்தஸிம் பொறுமை இழந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"அது அழகு மருந்து இல்ல, தாய்மார்களே! உடம்பு தானா சுரக்கிறதை அது அடக்கிடும். முகம் ஊதும், எலும்பு தேயும், பிள்ளைங்களுக்கு வளர்த்தியே நின்னுபோகும். பட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. ரத்தம் பாத்து, பெரிய டாக்டர் கண்காணிப்புலதான் நிறுத்தணும்."

டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த இந்திஸார் நிமிர்ந்தாள். "தழும்புக்குள்ள மட்டும் போட்டாக்கூடவா?"

"எங்க போட்டாலும் ரத்தத்துல கலக்கும்!"

யாரும் எழுந்து போகவில்லை. மொச்சைப் பாத்திரத்தை ஒருத்தி நிதானமாக மூடினாள்.

இந்திஸார் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"தஹானி, பிள்ளையக் கூட்டிட்டு உள்ள வா. நீ போட்ட திட்டப்படியே அவர் வாயாலயே சொல்லிட்டாரு, இத்தனை பேரும் கேட்டுட்டோம். இப்ப சீட்டை எழுதுவாரு."