மட்கார்ட்டில் ஒரு சந்தனப்பொட்டு

சந்தனம் போய்விட்டது. சந்தனம் இருந்த இடத்தில் நீளமாய் ஒரு கீறல் கிடந்தது.

கேதீஸ்வரன் கையிலிருந்த தேங்காய்த் தும்பையும் கடும்நீலக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். போன வெள்ளிக்கிழமை மனைவி சுபாஜினி தனியாகக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து வந்தாள். ஐயருக்கு அன்றைக்கு என்ன தாராளமோ, இடப்பக்க மட்கார்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது.

"சாமிப்பொட்டு. தானாய் உதிரட்டும். ஒருத்தரும் தொடப்படாது" என்று கட்டளையும் போட்டிருந்தாள்.

நாளைக்கு நெல்லியடியில் கலியாணம். காய்ந்து வெடித்த சந்தனத்தோடு எப்படிப் போவது? அவள் பள்ளிக்கூடத்துக்கு மேலதிக வகுப்பெடுக்கப் போன நேரம் பார்த்து, மனுசன் தும்பால் உரஞ்சித் தொலைத்துவிட்டார்.

தும்பு இழுத்த கீறல்தான் இதென்று நினைத்தார். தண்ணி மோட்டரைத் திருத்துகிறேன் என்று எரித்த அன்றே அவள் சொல்லியிருந்தாள்: "இனி ஒண்டைப் பழுதாக்கினியளெண்டால் கார்த் திறப்பு என்ரை கைப்பைக்குள்ளைதான். நீங்கள் சைக்கிளிலை போங்கோ." சொன்னதைச் செய்கிற மனுசி.

சேர்விஸ் ஸ்ரேசனில் வேலைசெய்யும் ஜெரிசன், போன் அடித்ததும் பொலிஷ் மெஷினோடு வந்தான்.

"அண்ணை, இது சுத்திக்கொண்டே ஆடுற மெஷின். லேசிலை பெயின்ற்றைச் சுடாது. ஆனால் அமத்தாதேங்கோ, விளிம்பிலை வையாதேங்கோ. முதல் மெத்தெண்ட பஞ்சைப் போடுங்கோ."

"ஓம் ஓம், யூரியூப்பிலை பாத்தனான். நீ போ."

பஞ்சில் பொலிஷ் பசையைத் தடவினார். காரில் வைக்கமுன்னமே சுவிச்சைப் போட்டார். பசை அவர் கண்ணாடியிலும் சுவரிலும், கொடியில் காய்ந்த சுபாஜினியின் சேலையிலும் தெறித்தது. சேலையைச் சுருட்டி வாளிக்குள் அமுக்கிவிட்டு, ரோட்டை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

கீறல் அசையவில்லை. மெஷினை அழுத்தி அமத்தினார். மெஷின் சுத்துவதை விட்டு வெறுமனே நடுங்கியது. போனைப் போட்டார்.

"அமத்தாதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ!" என்றான் ஜெரிசன் போனில்.

முரட்டுப் பஞ்சை மாட்டி, வேகத்தை உச்சத்தில் வைத்தார். கீறல் மங்கியது! ஆனால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்க, மற்ற இடமெல்லாம் பழசாய்க் கிழண்டிப்போய்த் தெரிந்தது. குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பதறி, மட்கார்ட் முழுவதையும் தேய்த்தார். விளிம்பையும் விடவில்லை. திரும்பவும் போன் போட்டார்.

"ஜெரிசன், நீலத்துக்குக் கீழை சாம்பல் நிறமாய் ஒண்டு தெரியுது."

"அது அடிப்பூச்சு, அண்ணை. பெயின்ற் போயிட்டுது."

"அதுக்கு மேலை என்ன பூசலாம்?"

"பெயின்ற்."

"வீட்டிலை இருக்கிறதிலை?"

"அண்ணை, நான் போனை வைக்கிறன்."

கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் மூளை வேலைசெய்தது. சாமியறைக்கு ஓடினார். சந்தனத்தைக் குழைத்து, கீறல் கிடந்த இடத்திலிருந்து விளிம்புவரை, முந்தியதைவிட இரண்டு மடங்காய் அப்பினார். நடுவில் குங்குமமும் வைத்தார். கை கழுவவில்லை, கேற்றடியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

சுபாஜினி இறங்கியதும் இறங்காததுமாய் மட்கார்ட்டைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"இஞ்சாருங்கோ, உதென்ன புதுச் சந்தனம்?"

"கார் கழுவேக்கை பழையது கரைஞ்சுபோச்சு. அதுதான் திரும்பப் பூசினனான். சாமிப்பொட்டெல்லோ!"

நூறு கேள்வி வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒன்றுகூட வரவில்லை.

"நல்லது" என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்தபடி. "கலியாணத்துக்கும் உப்பிடியே போவம்."

என்ன பக்தி! கேதீஸ்வரனுக்கு மனைவிமேல் இல்லாத பாசமெல்லாம் பொங்கியது. காருக்குப் பின்னால் குந்தி, மெஷின் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். குந்தியிருந்தவரை அவள் காணவில்லை.

"என்ன ரீச்சர், எங்கடை மதிலோடை உரசின கீறலை மறைக்க வெள்ளிக்கிழமை நீங்கள் அப்பின சந்தனம் இன்னும் கிடக்குது! உங்கடை மனுசன் இன்னும் கண்டுபிடிக்கேல்லையே?"