துறவுக்கு முன் ஒரு கல்யாணம்

"கண்ணைத் திறந்து பார்த்து இழுங்க லபீப். கண்ணை மூடிக்கிட்டு இழுத்தா ஜிப் எப்படி மேல வரும்?" என்றாள் மணப்பெண்.

லபீப் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி இழுப்பவனைப் போல இழுத்துக்கொண்டிருந்தான். மணப்பெண் யூஸ்தினா வெள்ளை கவுனுக்குள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்ததால் பார்க்கக் கூடாதது எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் இன்று சாயங்காலத்தோடு உலகத்தை விட்டுப் போகிறவன், கடைசி நாளில் எதற்கு வம்பு என்று நினைத்தான்.

ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"கடையிலேர்ந்து பொம்பளை யாரும் வரலையா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாள் பெண்ணின் அம்மா இஃப்லீன்.

"தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல்மா. முதலாளி மதாம் ஊஜினி இன்னொரு கல்யாணத்துல இருக்காங்க. நேரா கோயிலுக்கு வந்துடுவாங்க."

"அதுக்கு ஒரு சாமியாரையா அனுப்புவாங்க?"

"இன்னும் ஆகலைம்மா. நாளைக்குத்தான்."

விஷயம் இதுதான். போன வருடம் லபீப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பாலைவனத்துக் கிறிஸ்தவ மடத்துக்குப் போய், துறவியாகச் சேர வந்திருக்கிறேன் என்று வாசலில் நின்றான். அபூனா யுஹன்னிஸ் என்ற மூத்த துறவி அவனை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து விசாரித்தார்.

"ராணுவத்துல இருந்தியா?"

"ஒரே பையன்னு விலக்கு கொடுத்துட்டாங்க அபூனா."

"வேலை?"

"அம்மா வேண்டாம்னுட்டாங்க."

"யாரோடயாவது சண்டை போட்டிருக்கியா?"

"இல்லை."

"யாராவது உன்னைத் திட்டியிருக்காங்களா?"

"எதுக்கு அபூனா திட்டணும்?"

அபூனா அவன் கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தார். வீட்டிலேயே தோல் உரித்து, சுளை பிரித்து, திரும்பச் சேர்த்து வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள் அம்மா.

"உலகத்தைத் துறக்கறேன்னு வந்து நிக்கிறே. உன்கிட்ட ஏதுப்பா உலகம்? போ. ஒரு வருஷம் யார்கிட்டயாவது வேலை பாரு. திட்டு வாங்கு. அவங்க கையால ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் அவனுக்குக் கிடைத்த வேலை, மதாம் ஊஜினியின் கல்யாண உடை வாடகைக் கடையில். துறவியாகப் போகிறவன் ஒரு வருடம் முழுக்கக் கல்யாண கவுன்களை இஸ்திரி போட்டான். மதாமிடம் திட்டுக்குப் பஞ்சமே இல்லை. இன்றோடு வருடம் முடிகிறது. "இந்த ஒரு கல்யாணத்தை ஒழுங்கா முடிச்சுக் கொடு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் ஜிப்பைப் பிடித்து அப்படி இழுத்தான்.

"எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துடும்" என்றாள் யூஸ்தினா. நல்ல பெண். பதற்றமே இல்லாமல், மற்ற பெண்கள் கத்திக்கொண்டிருக்க, தானே சமையலறைக்குப் போய் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தாள். "ஒரு சொட்டு போதும்."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது லபீபுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். குலவை பாதியில் நின்றது. அவன் கண்ணைத் திறந்தபோது, கவுனின் முதுகில் எகிப்து வரைபடம்போல ஓர் எண்ணெய்க் கறை மெல்லப் பரவித் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"ஐயையோ!" என்றாள் இஃப்லீன். "மாவு தூவுங்கடி!"

"மாவு தூவினா ரொட்டி ஆயிடும்மா" என்றாள் யூஸ்தினா. "சோப்புப் போட்டு அலசி வெயில்ல போட்டா பத்து நிமிஷத்துல காஞ்சிடும். என்ன லபீப்?"

லபீபுக்கு அது நியாயமாகப் பட்டது. மே மாத வெயில். ஐந்தாவது மாடிப் பால்கனி. அவன் குளியலறையில் கவுனை அலசிக் கொண்டுவந்தான். கொடியில் போட்டதும், "நீங்க கையைத் துடைங்க, கிளிப் நான் போடறேன்" என்றாள் யூஸ்தினா. இரண்டே இரண்டு கிளிப்பைக் குத்தினாள்.

"இன்னும் ரெண்டு போடலாமே?"

"போதும் போதும். காத்தே இல்லையே."

காற்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பாலைவனப் பக்கத்திலிருந்து சூடாக ஒரு வீச்சு வந்தது. கவுன் ஒரு முறை உப்பியது, இரண்டு கையையும் விரித்தது, பால்கனியை விட்டுக் கிளம்பியது. அவசரமே இல்லாமல் நாலாவது மாடி, மூன்றாவது மாடி என்று எல்லா வீட்டு ஜன்னலையும் விசாரித்துக்கொண்டு இறங்கி, கீழே போய்க்கொண்டிருந்த பூண்டு வண்டி ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுதையும் பார்க்கவில்லை.

லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடம். லபீப் படிகளில் உருண்டானா ஓடினானா என்று அவனுக்கே தெரியாது. தெருவுக்கு வந்தபோது வண்டி சந்தைப் பக்கம் திரும்பிவிட்டது. பூண்டு மலைமேல் வெள்ளை கவுன் நிமிர்ந்து உட்கார்ந்து ஊர்வலம் போனது. காப்பிக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மாடி ஜன்னல்களில் பெண்கள் குலவையிட்டார்கள்.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! என் கவுனு!" என்று கத்திக்கொண்டே ஓடினான் லபீப்.

"உன் கவுனா?" என்றார் ஒரு பெரியவர் திகைத்துப்போய்.

சந்தை வாசலில் வண்டியைப் பிடித்தான். வண்டிக்காரன் மேலே பார்த்து வாயைப் பிளந்தான்.

"நான் பூண்டுதானே ஏத்தினேன்? பொண்ணு எங்கப்பா?"

"பொண்ணு வீட்டுல இருக்கு. உடுப்பை மட்டும் கொடுங்க."

"என் வண்டியில இருக்கறது என்னுது. எனக்கும் கல்யாண வயசுல தங்கச்சி இருக்கா."

லபீப் வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை போட்டான். எப்படிப் போட வேண்டும் என்று தெரியாததால் மதாம் ஊஜினி தன்னைத் திட்டும் வசவுகளை வரிசையாக, அவள் குரலிலேயே, மூச்சு விடாமல் ஒப்பித்தான். வண்டிக்காரன் கொஞ்ச நேரம் மரியாதையோடு கேட்டான். பிறகு, "உங்கம்மா இப்படித்தான் பேசுவாங்களா? பாவம்பா நீ" என்று கவுனை எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு கட்டுப் பூண்டும் கொடுத்தான்.

கவுனில் இப்போது எண்ணெய்க் கறை தெரியவில்லை. மற்ற கறைகள் அதை மறைத்துவிட்டன. இரண்டு தெரு தள்ளி நின்றவர்களும் மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் லபீபுக்கு வினோதமாக ஒரு சந்தோஷம். சண்டை போட்டாயிற்று. அபூனாவிடம் சொல்லலாம்.

கடைக்கு ஓடி, அங்கிருந்து யூஸ்தினாவுக்குப் போன் செய்தான்.

"வேற கவுன் எடுத்துட்டு வரேன். உங்க அளவு என்ன?"

அந்தப் பக்கம் ஒரு கணம் யோசனை. "நாற்பத்தாறு."

"நாற்பத்தாறா? நான் பார்த்த வரைக்கும்..."

"நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டே இருந்தீங்களே."

அது உண்மைதான். நாற்பத்தாறு அளவில் கடையில் ஒரே ஒரு கவுன் இருந்தது. அடியில் வளையம் வளையமாகக் கம்பி வைத்து, கூடாரம்போலத் தானே நிற்கும் பழைய காலத்து உருப்படி. அதை டாக்ஸிக்குள் நுழைக்க முடியாமல், கூரைமேல் கட்டி எடுத்துவந்தான்.

யூஸ்தினா அதற்குள் நுழைந்ததும் காணாமல் போனாள். கவுனின் கழுத்திலிருந்து ஒரு முகமும் இரண்டு விரலும் மட்டும் தெரிந்தன.

"இதுல ரெண்டு யூஸ்தினா போகலாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் இஃப்லீன். "பொண்ணு அளவு முப்பத்தெட்டுடா!"

"பதற்றத்துல மாத்திச் சொல்லிட்டேன்மா" என்றாள் யூஸ்தினா. "குண்டூசி குத்தினா போச்சு. லபீப் குத்துவார். அவசரமில்லை."

மணி நாலு. ஐந்துக்குக் கோயிலில் இருக்க வேண்டும். லபீப் இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே எழுபத்து மூன்று குண்டூசி குத்தினான். குத்தக் குத்த அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"நிஜமாவே நாளைக்கு மடத்துக்குப் போயிடுவீங்களா?"

"கடிதம் கிடைச்சா."

"அந்த அபூனா வேற என்னெல்லாம் கேட்டார்?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆரஞ்சுப் பழத்தைக்கூட மறைக்கவில்லை. அவள் சிரிக்காமல் கேட்டாள். கல்யாண நாளில் இவ்வளவு கலாட்டாவுக்கு நடுவே இன்னொருவன் கதையைப் பொறுமையாகக் கேட்கிறாளே, இந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று லபீப் மனதார வேண்டிக்கொண்டான்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். உள்ளே முந்நூறு பேர். பல் டாக்டரான மாப்பிள்ளை ரம்ஸி புதுச் சூட்டில் வியர்த்துப்போய் நின்றான். வாசலை ஒட்டிய சின்ன அறையில் பெண்ணை நிறுத்தி, கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தான் லபீப்.

"இடுப்புல ஒரு ஊசி குத்துது" என்றாள் யூஸ்தினா. "எடுத்துட்டு நூல்ல ஒரு தையல் போட்டுடுங்க. கத்திரிக்கோல் இருக்கா?"

"ஒரே நிமிஷம். கோயில்காரர்கிட்ட வாங்கிட்டு வரேன்."

"மெதுவா வாங்க."

அவன் மூன்றே நிமிடத்தில் வந்தான். கவுன் அதே இடத்தில், அதே கம்பீரத்தோடு நின்றுகொண்டிருந்தது. முக்காடு அதன் கழுத்தில் வழிந்து கிடந்தது. உட்கார்ந்து இடுப்புப் பக்கம் தையலைப் போட்டு முடித்து, "இப்ப குத்துதா?" என்று நிமிர்ந்து கேட்டபோதுதான், கவுனுக்குள் ஆள் இல்லை என்று தெரிந்தது.

இடுப்பில் அவன் எடுத்த ஒன்று போக, மற்ற எழுபத்திரண்டு குண்டூசியும் போட்டது போட்டபடி இருந்தன. ஒன்றைக்கூட எடுக்காமல், கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல அவள் கழுத்து வழியாக வெளியே போயிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. இஃப்லீன் மயங்கி விழுந்தாள். எழுந்தாள். லபீபைப் பார்த்ததும் மறுபடி விழுந்தாள். பெண்ணின் அப்பா கவுனுக்குள் தலையை விட்டு, "யூஸ்தினா, வெளியே வாம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பாடகர் குழு என்ன செய்வதென்று தெரியாமல் மணப்பெண் வரவேற்புப் பாட்டை நாலு தடவை பாடியது. மாப்பிள்ளை ரம்ஸி தன் அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து டையைத் தளர்த்தி, "சாப்பாடு ரெடியா இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டான். இந்த ஒரு மாதத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

மதாம் ஊஜினி வந்து சேர்ந்தபோது லபீப் கோயில் முற்றத்து நடுவே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் என் தப்பு. எண்ணெய் விட்டது நான். அலசினது நான். தெருவுல பறக்கவிட்டது நான். கூடாரத்தைப் போட்டு, ஊசியால குத்தி, அந்த நல்ல பொண்ணை அவமானத்துல ஓடவச்சது நான். அவங்களை யாரும் திட்டாதீங்க. என்னைத் திட்டுங்க."

முந்நூறு பேரும் கேட்டுக்கொண்டார்கள். அரை மணி நேரம் திட்டினார்கள். லபீப் ஓடவில்லை, அழவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்து ஒவ்வொருவர் திட்டையும் முழுசாக வாங்கிக்கொண்டான். பெண்ணின் அப்பாவுக்குத் தொண்டை கட்டியபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடியும் நின்றான்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் மதாம் ஊஜினி அவன் அருகில் வந்தாள். ஒரு கையில் கடிதம்.

"கிழிச்சுடுங்க மதாம்" என்றான் லபீப். "நான் மடத்துக்குப் போகலை. அந்தப் பொண்ணைத் தேடிக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேட்கணும். எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும். ஒருவேளை பத்து வருஷம்."

"ஒரு வருஷம் என்கிட்ட இருந்து என்னதான் கத்துக்கிட்டே?"

"ஒரு ஜிப்பைக்கூட எனக்கு இழுக்கத் தெரியாதுன்னு கத்துக்கிட்டேன்."

மதாம் அவனை முறைத்தாள். உதடு துடித்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண் மை கன்னம் முழுக்க வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் முதுகில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"போடா. உனக்குப் போதுமான உலகம் கிடைச்சாச்சு. இதுக்குமேல இங்க இருந்தே, உலகம் தாங்காது."

அந்த நேரத்தில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், தோளில் துண்டும் கையில் சாவியுமாக, முற்றத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்க மதாம் ஊஜினி யாருங்க?"

"நான்தான். என்ன வேணும்?"

"வாசல்ல என் வண்டியில ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு மதாம். பழைய கெய்ரோ கன்னிமாடத்துக்குப் போகணும்னு காலையில ஏழு மணிக்கே என்னை வரச் சொல்லி, 'இதோ கல்யாணம் நின்னுடும், இதோ நின்னுடும்'னு அஞ்சேகால் வரைக்கும் காக்கவச்சிச்சு. ஒருவழியா கொண்டுபோய் விட்டா, அந்த மடத்துத் தலைவி 'உலகம் தெரியாத பொண்ணு, ஒரு வருஷம் எங்கயாவது வேலை பார்த்துட்டு வா'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க கடையில ஒரு தம்பி இன்னிக்கு வேலையை விடுறாராமே, அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு."