கடற்கரையில் இறக்கிவைத்த சோபா

கூச்ச சுபாவம் உள்ளவன் பெரிய சாமான் வாங்கக் கூடாது. கைக்குட்டை வாங்கலாம். மூக்குக் கண்ணாடி வாங்கலாம். மிஞ்சிப்போனால் ஒரு மிக்ஸி. பையில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு வந்து சேரலாம். பெரிய சாமான் என்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். பார்த்துவிட்டுச் சும்மா போகாது, "இன்னா வெல?" என்று கேட்கும். எனக்கோ யாராவது மணி கேட்டாலே காது சிவந்துவிடும். (பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆனவன் நான். படிப்பு பத்தாவதோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.)

இப்படிப்பட்ட நான் ஒரு சோபா வாங்கினேன். மூன்று பேர் உட்காரலாம். ரத்தச் சிவப்பில் வெல்வெட். இரண்டு கைப்பிடியிலும் வாயைத் திறந்த சிங்கத் தலை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. நட்டும் போல்ட்டும் நம்மிடம் பேசாது, நாமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் போனஸ் வந்தபோது என் மனைவி ஸ்டெல்லா ஒரு ஆசையைச் சொன்னாள். கல்யாணமாகி அது வெள்ளிவிழா வருடம்.

"கடலப் பாத்தாப்புல ஒரு ரூமுல ஒரு ராத்திரி தங்கணுங்க. காலைல கண்ணு முழிச்சா கடலு தெரியணும்."

பஸ் ஏறினால் மாமல்லபுரம். ஆனால் என்னோடு கடலுக்குப் போவது என்றால், இறங்கி, கால் நனைத்து, கூட்டம் சேர்வதற்குள் திரும்பி வருவது. அவள் உட்கார்ந்து கடலைப் பார்த்ததே கிடையாது. உட்காரப் போகும்போது நான் "பஸ்ஸு வந்துடும், எழுந்திரு" என்பேன்.

"ராத்திரி தங்கினா காலைல இன்னா மிஞ்சும்?" என்றேன். "சோப்பு கூட சின்னதாத்தான் குடுப்பான். சாமான் வாங்கினா சாமான் நிக்கும்."

மகள் பிரின்சி நாவலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் சிநேகிதிகள் காதில் விழும்போது நான் அவளுக்கு 'டாடி'. சண்டை போட வேண்டுமென்றால் 'நைனா'.

"நைனா, சாமான் பழசாயிடும். போய்ட்டு வந்தது பழசாவாது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"உங்க ஆபீஸ்ல உக்கார சோபா கீது. சொல்லுவாங்க."

சொல்லிவிட்டேனே தவிர, ஸ்டெல்லா முகம் வாடியது மனதை உறுத்தியது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வாட்ச்மேன் ஒரு சேதி சொன்னார். கடலோரம் ஒரு ரிசார்ட்டைப் புதுப்பிக்கிறார்கள், பழைய சாமான்களை விற்கிறார்கள். எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. (அப்படி எரிகிற பல்பெல்லாம் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போகத்தான் எரியும்.)

"ஸ்டெல்லா, ரிசார்ட்டுக்கு நாம ஏன் போவணும்? ரிசார்ட்ட கொஞ்சம் நம்ம வூட்டுக்குக் கொண்டாந்துடலாம். அங்க கெடந்த சோபா. அதுல உக்காந்தா அங்க உக்காந்த மாரிதானே?"

"அப்ப கடலு?"

"கண்ண மூடிக்கோ."

"வாங்குங்க. நல்லா அனுபவிங்க" என்றாள். எங்கள் பக்கம் 'அனுபவி' என்பது வாழ்த்தா சாபமா என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு முகத்தைப் பார்க்காமலேயே தெரிந்தது.

நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். ஸ்டோரிலிருந்து டேப் கொண்டுவந்து ஹாலை அளந்தேன். நீளம், அகலம், டி.வி.க்கும் சோபாவுக்கும் இடைவெளி, ஃபேன் காற்று விழும் இடம் வரைக்கும் அளந்தேன். ஒன்றை மட்டும் அளக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டெல்லாவின் தம்பி சேவியர் குட்டி யானை ஓட்டுகிறான். (யானை இல்லை, சின்ன லோடு வண்டி. ஆனால் பெயருக்கேற்ற பிடிவாதம் உண்டு.) ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். ஸ்டெல்லாவும் பிரின்சியும் வருகிறோம் என்றார்கள். முன்னால் அவர்கள் மூவரும் நெருக்கிக்கொள்ள, பின்னால் நான்.

ரிசார்ட்டில் சோபாவைத் தூக்கிப் பார்த்த சேவியர், "மாமா, இது சோபாவா, தேரா?" என்றான். ஏற்றிக் கட்டினோம். திரும்பும்போது நான் எங்கே உட்காருவது? அதே சோபாவில்தான். இரண்டு சிங்கங்களுக்கு நடுவே, மெயின் ரோட்டில், ராஜா மாதிரி. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஜனம் மொத்தமும் கை காட்டியது. நான் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதனால்தான் வண்டி திரும்பியதைக் கவனிக்கவில்லை.

மாமல்லபுரம் நெருங்கும்போது ஸ்டெல்லா தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்: "டேய், கடலோரமா ஒரு நிமிஷம் போடா. உங்க மாமா மூஞ்ச மூடிக்கினு கீறாரு, அவருக்குத் தெரியாது."

அலைச் சத்தம் கேட்டுத் துண்டை எடுத்தேன். எதிரே கடல். அதே நொடியில் பின்சக்கரம் மணலில் இறங்கியது. சேவியர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

"லோடு எறக்கினாத்தான் வண்டி ஏறும் மாமா."

குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் ஓடி வந்து சோபாவை இறக்கி மணலில் வைத்தார்கள். இறக்கியும் வண்டி அசையவில்லை. படகு இழுக்கிற டிராக்டர் வந்தால்தான் முடியும் என்றார்கள்.

"டிராக்டரு எங்க?" என்று கேட்டான் சேவியர்.

"சாப்புடப் போயிருக்குது."

அவன் டிராக்டர்காரரைத் தேடிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் திருவிழாக் கூட்டம். அதன் நடுவே சிவப்பு சோபா ஒன்று, ரோட்டைப் பார்த்தபடி.

நான் என்ன செய்தேன்? சோபாவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி தள்ளிப்போய் ஒரு படகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சுண்டல்காரர் வந்து, "சோபா உங்களுதாண்ணே?" என்றார். "இல்லீங்க" என்றேன். ஒரு குடும்பம் வந்து, "ஷூட்டிங்கா சார்?" என்றது. "தெரியாதுங்க" என்றேன். பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய அளவுக்கு மறுதலித்தேன்.

ஸ்டெல்லா மறுதலிக்கவில்லை. "பிரின்சி, அந்தப் பக்கம் புடி" என்று சோபாவைக் கடலைப் பார்க்கத் திருப்பினாள். புடவையை உதறிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். சுண்டல் வாங்கினாள்.

"இன்னாங்க! வாங்க, உக்காருங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். கடற்கரையே திரும்பி என் படகைப் பார்த்தது. நான் படகின் பெயரைப் படிப்பது போல் நடித்தேன்.

அப்போதுதான் அந்தப் போட்டோக்காரர் வந்தார். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு படம் எடுக்க வந்தவர். சோபாவைப் பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வராத குறை.

"அக்கா, சோபா வாடகைக்கா?"

"வாடகையெல்லாம் வாணாம். உக்கார வச்சி எடுத்துக்கோ தம்பி. புதுப் பொண்ணு, கால் வலிக்கும்."

போட்டோக்காரருக்கு உதவிக்கு ஒரு கை குறைந்தது. கடற்கரையில் சும்மா நின்ற ஒரே ஆள் நான். "அண்ணாத்த, இத்த கொஞ்சம் புடிச்சிக்கினு நில்லுங்க" என்று ஒரு பெரிய வெள்ளித் தகடு போன்ற துணியை என் கையில் கொடுத்துவிட்டார். வெளிச்சத்தை அந்த ஜோடியின் முகத்துக்குத் திருப்ப வேண்டுமாம். முடியாது என்று சொல்லக் கூச்சம். பிடித்தேன். என் சொந்த சோபாவில் யாரோ உட்கார, அவர்களுக்கு நான் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்த, ஃப்ரேம்ல வர்றீங்க, தள்ளுங்க!" தள்ளினேன். "இன்னும் தள்ளுங்க!" முழங்கால் தண்ணீர் வரை தள்ளினேன். "மாப்ள, சோபா கால்ல அல பட்டா சூப்பரா இருக்கும், கொஞ்சம் முன்னாடி போடலாமா?" இது மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளையின் நண்பர்கள் 'ஏலேலோ' என்று தூக்கிக்கொண்டு போய் ஈர மணலில் வைத்தார்கள்.

கடலுக்குக் கூச்சம் கிடையாது. ஒரு பெரிய அலை வந்தது. மணப்பெண் அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள். சோபா ஒரு முறை ஆடியது. அலை திரும்பும்போது சோபாவும் அதோடு கிளம்பியது.

"என் சோபா!"

அந்தக் குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான். வெள்ளித் துணியை வீசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேன்ட் சட்டையோடு பாய்ந்து ஒரு சிங்கத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "என் சோபா! வுடமாட்டேன்! என் சோபா!" கடல் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, இன்னொரு சிங்கத்தை ஸ்டெல்லா பிடிக்க, பிரின்சி சிரித்துச் சிரித்து ஒன்றுக்கும் உதவாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த, உங்க சோபாவா? இல்லன்னீங்க!" என்று சுண்டல்காரர் கரையிலிருந்து கேட்டார்.

இழுத்துக் கரை சேர்த்ததும் எனக்கு நிற்கத் தெம்பில்லை. சொட்டச் சொட்ட அதிலேயே விழுந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பிரின்சி. யாரோ கை தட்டினார்கள். போட்டோக்காரர் படம் எடுத்தார். எழுந்து ஓட உடம்பில் வலு இல்லாததால், டிராக்டர் சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்து வரும்வரைக்கும் மூன்று பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸு வந்துடும் என்று சொல்ல எனக்கும் வழியில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இருட்டும் நேரம் வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் குடித்த சோபா இரண்டு மடங்கு கனம். தெருவே கூடித் தூக்கியது. தூக்கி வாசலுக்குக் கொண்டுபோன பிறகுதான் நான் எதை அளக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வாசக்கால்.

வீடு கட்டும்போது மரம் விற்ற விலைக்கு வாசக்காலைக் கொஞ்சம் ஒடுக்கமாகத்தான் போட்டோம். கதவு என்றால் ஆள் போகிற வழி என்றுதான் நினைத்திருந்தேன்; சிங்கம் போகிற வழி என்று நினைக்கவில்லை.

"போவும். போயே தீரும்" என்றேன். நேராகத் தள்ளினோம். சாய்த்தோம். கவிழ்த்தோம். கடைசியில் நிமிர்த்தி ஒரு தம் பிடித்துத் தள்ளியதில் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு சிங்கம் தெருவைப் பார்த்தது, இன்னொன்று ஹாலில் இருந்த மாதா படத்தைப் பார்த்தது. எங்கள் குடும்பம் சமையல்கட்டுக் கதவு வழியாகப் போய் வந்தது.

"வாசக்கால எடுத்துட்டா ஈஸியா பூந்துடும்" என்றார், மறுநாள் வந்து பார்த்த ஆசாரி.

"எடுங்க" என்றேன் நான்.

ஸ்டெல்லா குறுக்கே வந்து நின்றாள். எங்கள் வாசக்கால் வைத்த அன்று ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். கொத்தனார் தன் பங்குக்கு மஞ்சள் குங்குமமும் வைத்தார். இரண்டு பக்கமும் பாதுகாப்பு. அடியில் பொன் போட வேண்டும் என்றார்கள். கையில் வேறு பொன் இல்லாததால் ஸ்டெல்லா தன் கம்மலின் திருகாணியைக் கழற்றிப் போட்டாள்.

"வாசக்கால்ல கை வச்சா நடக்கறது வேற. அதுக்குக் கீழ என் திருகாணி கீது. வோணும்னா சிங்கத்தோட தலைய வெட்டுங்க."

சிங்கத்தை வெட்ட நான் சம்மதிக்கவில்லை. வாசக்காலைத் தொட அவள் சம்மதிக்கவில்லை. சேவியர் வந்து, யாரையும் கேட்காமல், ஒரே உதையில் சோபாவை வெளியே தள்ளினான்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்டு வைத்தோம். உப்புத் தண்ணீர் ஏறிய பஞ்சு காயவே இல்லை. ஒரு வாரத்தில் கருவாட்டு வாசனை. "இன்னா ஸ்டெல்லாக்கா, தெனம் கருவாட்டுக் கொழம்பா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மழைக்கு முன்னால் தெரு நாய் ஒன்று அதில் குட்டி போட்டது. நிற்கும் என்று நான் சத்தியம் செய்த சாமான், அந்த மழையில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

மனது கேட்காமல் அடுத்த போனஸில், "ரூம் போட்டுத் தங்கலாம், வா" என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. அதற்கடுத்த வருடமும் கூப்பிட்டேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "வாசக்கால்ல போவுமா?" குக்கர் வாங்கினாலும் கேட்பார்கள். கறிவேப்பிலைக்கும் கேட்டிருக்கிறார்கள். போன மாதம் பிரின்சியைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தார். நல்ல உயரம். குனிந்து உள்ளே நுழைந்தார். சமையல்கட்டிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது: "பரவால்ல, வாசக்கால்ல போயிட்டாரு!"

பிரின்சியும் சேவியரும் விழுந்து விழுந்து சிரிக்க, மாப்பிள்ளை வீட்டார் முழிக்க, முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. (கடற்கரையில் அந்தப் போட்டோக்காரர் எடுத்த படத்தையும் காட்டினார்கள். நான் நனைந்த கோழி மாதிரி இருப்பேன்.)

பையன் கேட்டார், "அப்புறமாச்சும் அந்தக் கடல் ரூமுல தங்கினீங்களா அத்தை?"

என் காது சிவந்தது. தரையைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு தம்பி?" என்றாள் ஸ்டெல்லா. "கடலுக்கு நேரா என் சொந்த சோபாவப் போட்டுக் காலத் தூக்கி வச்சி உக்காந்தவ நானு. இனிமே போயி ஜன்னல் வழியாவா எட்டிப் பாப்பேன்?"

விடுவேனா? "பாத்தியா, சாமான் வாங்கினதாலதானே?" என்றேன். அத்தனை பேர் முன்னால் சத்தமாகவே சொன்னேன்.

"ஆமா. நல்லா அனுபவிச்சேன்" என்றாள்.

முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்குள் எல்லோரும் என்னையே பார்த்ததால் தலை குனிந்துவிட்டேன். வாழ்த்துதான் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.