பச்சைச் சீட்டு இணைத்துள்ளேன், சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் நலமாகவே இருப்பீர்கள். யாருக்காவது லேசாகத் தும்மல் வந்திருந்தாலும் தாங்கள் தேதி, நேரம் போட்டுக் குறித்து வைத்திருப்பீர்கள் என்பதால் அதுபற்றி எனக்குக் கவலையில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. போன விடுமுறைக்கு இங்கே வந்து திரும்பிய பேத்தியின் இடது காலில் ஏழு கொசுக்கடி, வலது காலில் நான்கு, ஆக மொத்தம் பதினொன்று என்று எழுதியிருந்தீர்கள். எடை அளவு இலாகாவில் முப்பது வருஷம் தராசுக்கு முத்திரை குத்தியவரின் எண்ணிக்கையில் நான் குறை சொல்ல முடியுமா? எங்கள் தெருத் தையல்காரரும் அவர் மகளும் டெங்குவில் விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் தங்கள் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "கொசுப்புழு இல்லாத வீடு என்று சுகாதார அலுவலகம் எழுத்தில் கொடுத்தால்தான் குழந்தையை அனுப்புவேன்" என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் அவள் எனக்குக் கிடைக்கிறாள், அதுவும் போய்விட்டால் மிச்சப் பதினொரு மாதத்தை எதை நினைத்து ஓட்டுவேன்? இது கோபமில்லை சம்பந்தி, ஏக்கம்தான்.

சரி, எழுத்தில்தானே வேண்டும், வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். தங்களுக்குத் தெரியும், குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் வால்வைத் திறந்து மூடியவன் நான். ஊருக்கே தண்ணீர் விட்டவன் என்பதாலேயே குழாயை நம்பாதவன். ஓட்டல்காரர் தன் ஓட்டலில் சாப்பிடாத மாதிரி. அதனால் வீட்டில் எது காலியாக இருந்தாலும் அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவேன். இரண்டு டிரம், ஆறு பக்கெட், நான்கு குடம், மூடி தொலைந்த குக்கர், பேத்தி குழந்தையாக இருந்தபோது குளித்த பிளாஸ்டிக் தொட்டி, பெயிண்ட் டப்பா ஒன்று, ஓடாமல் நின்றுபோன வாஷிங் மெஷின், பின்கட்டில் சிமெண்ட் தொட்டி, ஆகப் பதினேழு. எண்ணிக்கை சரிதானா என்று தாங்கள் கூட்டிப் பார்ப்பீர்கள், பார்க்கவும்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கொசு அக்கா'. ஒரு கையில் டார்ச், மறு கையில் நீளக் கரண்டி, தோள் பையில் சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும். புழு இருந்தால் வாசலில் சிவப்பு ஒட்டுவார், இல்லையென்றால் பச்சை. உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்ததும், "ஐயா, இது வீடா, அணைக்கட்டா?" என்றார். முதல் டிரம்மில் கரண்டியை விட்டு அள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "அது தூசும்மா" என்று அடித்துப் பேசினேன். "தூசு தலைகீழா தொங்கிக்கிட்டு மூச்சு விடுமா ஐயா?" என்று கேட்டார். "என் தண்ணி சுத்தமான தண்ணிம்மா!" என்றேன். "அதான் பிரச்சினையே. டெங்கு கொசு சாக்கடைப் பக்கமே போகாது, உங்கள மாதிரி நல்லா பாத்து பாத்துப் பிடிச்சு வைக்கிறவங்க வீட்டுக்குத்தான் வரும். பட்டப்பகல்ல கடிக்கும். வாரம் ஒரு தடவை எல்லாத்தையும் கவுத்து, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவுங்க, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார். பேத்தியின் காலில் ஏழும் நான்கும் நான் கைப்பட வளர்த்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றே கவிழ்த்தேன். சொட்டு நீரை வீணாக்காத கை சம்பந்தி, வாஷிங் மெஷினைச் சாய்க்க மூன்று தடவை போய்த் திரும்பி வந்தது. "ஏங்க, அழுறீங்களா?" என்று மனைவி கேட்டாள். "தண்ணி தெறிச்சுதுடி" என்றேன்.

சிமெண்ட் தொட்டியை மட்டும் கவிழ்க்க முடியாது, அடியில் வடிகுழாயும் இல்லை. அதற்குக் கொசு அக்கா ஆறு குட்டி மீன்களைக் கொண்டுவந்து விட்டார், புழுவைத் தின்று தீர்த்துவிடுமாம். தின்று தீர்த்தன. இரண்டே நாளில் தொட்டி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என் மனைவி அந்த ஆறு மீனுக்கும் உறவுமுறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பெரியவன், சின்னவள், கொழுந்தன், நாத்தனார், மாப்பிள்ளை. வயிறு சற்று முன்தள்ளி, மற்ற மீன்களை மேய்த்துக்கொண்டு திரிகிற ஆறாவது மீன், மன்னிக்கவும், சம்பந்தி. மரியாதை கருதி வைத்த பெயர்தான். புழு தீர்ந்த மூன்றாம் நாள், "ஏங்க, சம்பந்தி முகம் வாடிப்போச்சு பாருங்க" என்றாள். மீனுக்கு ஏது முகம் என்று கேட்டேன். பதிலுக்கு என்னைப் பார்த்த பார்வையில், இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். ரொட்டித் தூள் போட்டாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஆறும் கொழுகொழுவென்று மின்னின. வளர்ப்பு அப்படி என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை கொசு அக்கா சோதனைக்கு வந்தார். டிரம் சுத்தம், குடம் சுத்தம், தொட்டி சுத்தம். பச்சைச் சீட்டை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டார். என் மனசு அதற்குள் ரயில் நிலையத்துக்கே போய்ப் பேத்தியை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டது. அப்போதுதான் அவர், "அங்க என்ன, குளியலறைக்குப் பின்னாடி, வலை கட்டின பக்கெட்டு?" என்று கேட்டார். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். பிறந்த நாளிலிருந்து பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "ஒண்ணுமில்லம்மா, சாப்பாடு" என்றாள். கொசு அக்கா வலையை விலக்கினார். பக்கெட் முழுக்க நெளிந்தது, உலை கொதிப்பதுபோல. "மீனுங்களுக்கும்மா, பாவம், நம்மள நம்பி வந்த உசுரு" என்று மனைவி விளக்கினாள். கொசு அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, கொசுவை ஒழிக்க மீன் குடுத்தேன். நீங்க மீனுக்காகக் கொசுப் பண்ணை வச்சிருக்கீங்களே! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டைப் பாத்ததே இல்ல." "அதான் வலை கட்டியிருக்கேனே, ஒண்ணுகூட வெளிய வராது" என்றாள் இவள். கொசு அக்கா வலையைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த ஓட்டை வழியாகத் தன் கட்டைவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார். வாசலில் சிவப்புச் சீட்டு ஒட்டும்போது எதிரே அந்தத் தையல்காரர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு இரண்டு நாள் முன்புதான் நான் சுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். அவர் சீட்டைப் பார்த்து லேசாக இருமினார். மானம் கப்பலேறிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தலையால் தண்ணீர் குடித்தேன், தண்ணீர் பிடித்து மட்டும் வைக்கவில்லை. பக்கெட்டை வெயிலில் காய்ந்த மண்ணில் கொட்டினேன். கடையில் மீன் தீனி வாங்கிவந்து, அதை மனைவி முதலில் மோந்து பார்த்து ஒப்புக்கொண்டபின் போட்டேன். கொசு அக்கா இன்று காலை வந்து, பல் துலக்கும் குவளை முதல் பிரிட்ஜின் பின்தட்டு வரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இப்பதான் இது வீடு" என்று சொல்லிப் பச்சைச் சீட்டு கொடுத்தார். முத்திரையுடன் இணைத்துள்ளேன். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, தயவுசெய்து அதைக் காரணம் காட்ட வேண்டாம். பேத்தியை அனுப்பி வையுங்கள் சம்பந்தி. கேட்பதற்கு எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. முதலில் பேத்தி குதித்தாள். "தாத்தா!" என்று அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டதில் பசை எல்லாம் என் சட்டையில். பிறகு ஒரு பெட்டி இறங்கியது, இரண்டாவது பெட்டி, மடக்குக் கட்டில், அதன்பின் தாங்கள். சீட்டை நீட்டினேன், தாங்கள் பார்க்கக்கூட இல்லை. தங்கள் ஏர்கூலர் தொட்டியில் புழு கண்டுபிடித்து, வீட்டைப் பூட்டி மருந்து அடிக்கிறார்கள் என்ற விஷயம் இரண்டு டம்ளர் டீ உள்ளே போன பிறகுதான் வெளியே வந்தது. சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் மகளும் அடுத்த வண்டியில் வருகிறார்களாம். "ஒரு மாசம் இங்கேயே இருந்துக்கலாமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "இது உங்க வீடுண்ணா" என்று சொல்லிவிட்டாள். இப்போது தாங்கள் என் கட்டிலில் குறட்டை விடுகிறீர்கள், நான் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. தங்கள் மேல் தப்பே இல்லை சம்பந்தி. இத்தனை நாளாகப் போனிலும் கடிதத்திலும் பேத்தியை அனுப்புங்கள், பேத்தியை அனுப்புங்கள் என்று கேட்டவன், 'மட்டும்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.